பதினான்கா, இருபத்தெட்டா

பின் இருக்கையில் இருப்பது மணல்தான். கோத்தகிரிக் கடைவீதியைத் தாண்டுவதற்குள் இதை எத்தனையோ தரம் எனக்கே சொல்லிக்கொண்டுவிட்டேன். சிமெண்ட் சாக்குகளில் அள்ளிக் கட்டிய மணல், சாக்குகளைச் சேர்த்து இறுக்கிய கயிறு, எல்லாவற்றுக்கும் மேலே என் நாத்தனார் தமயந்தி போர்த்திவிட்ட நீலப் போர்வை. சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன, காலையில் பட்டறையில் நின்று அதை ஏற்றுவதைப் பார்த்தவளே நான்தானே. ஆனால் இறக்கத்தில் ஓட்டுகிறவள் கண்ணாடியைப் பார்த்துத்தான் ஆக வேண்டும், பின்னால் பஸ் வருகிறதா என்று. கண்ணாடியில் பஸ்ஸுக்கு முன்னால் போர்வை வந்துவிடுகிறது. அது கிடக்கிற விதம் சரியில்லை. தோள் மாதிரி ஓர் இடத்தில் உயர்ந்து, இடுப்பு மாதிரி ஓர் இடத்தில் தாழ்ந்து, யாரோ முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிற மாதிரி கிடக்கிறது. மணல். திருமூர்த்தியின் வழக்கம் இது. பெட்ரோல் காரைப் பேட்டரிக் காராக மாற்றித் தருகிறவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் இன்னும் சிலர் இருக்கலாம். பேட்டரி வாங்குவதற்கு முன்னால் அதன் எடைக்கு மணலை ஏற்றி, உங்களுடைய மிக நீளமான பாதை எதுவோ அதில் ஒரு தரம் போய் வாருங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லி அனுப்புகிறவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். சும்மா கேட்டால் எல்லாரும் பெரிசே வேண்டும் என்பார்களாம், கல்யாண வீட்டில் சோறு வடிக்கிற மாதிரி, மிஞ்சினால் மிஞ்சட்டும் என்று. சுமந்து பார்த்தால்தான் பெரிசு என்றால் என்ன என்று தெரியுமாம். இன்று சாயங்காலத்துக்குள் அவருக்குச் சொல்ல வேண்டும். பேட்டரிக்காரர்களுக்கு அவர் இன்று போன் செய்தாக வேண்டும். பதினான்கா, இருபத்தெட்டா. இந்த மலை இறங்கி முடிவதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவர் யூனிட் கணக்கில்தான் பேசுவார். கரண்ட் பில்லில் வருகிறதே, அதே யூனிட். பதினான்கு யூனிட் பேட்டரி என்றால் இன்ஜினை எடுத்த பள்ளத்திலேயே அடங்கிவிடும், பின் இருக்கையைத் தொட வேண்டியதில்லை. ஊருக்குள் எங்கு வேண்டுமானாலும் போகலாம். கோத்தகிரிக்கும் ஏறிவிடலாம், ஏறியதோடு சரி. இறக்கத்தில் சக்கரம் சுற்றுகிற சுற்றில் கொஞ்சம் கரண்ட் திரும்பி வந்து சேரும், அதை வைத்து மேட்டுப்பாளையம் வரைக்கும் உருட்டலாம், அப்புறம் நடுரோட்டில் நின்றுவிடும். இருபத்தெட்டு என்றால் போய்விட்டு அன்றைக்கே வீடு திரும்பலாம், ஆனால் பாதிப் பெட்டிகளுக்கு முன்னால் இடம் கிடையாது. பின் இருக்கையைக் கழற்றி எடுத்துவிட்டு அங்கே இரும்புச் சட்டம் அடித்து அவற்றை உட்கார வைக்க வேண்டும். இன்னொரு வழியும் சொன்னார். பதினான்கே வைத்துக்கொண்டு, மேலே போகிற அன்று உங்கள் நாத்தனார் வீட்டிலேயே தங்கி, வண்டியை அவர்கள் வீட்டுப் பிளக்கில் சொருகிவிட்டு மறுநாள் இறங்குங்கள் என்றார். நான் அந்த வீட்டில் தங்குவதில்லை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அப்ப இருபத்தெட்டுதாங்க மேடம், வேற வழியில்ல, என்று சொல்லிவிட்டு மணலை ஏற்றச் சொன்னார். ஆக இவ்வளவுதான் விஷயம். சின்னதை எடுத்தால் இனி இந்த மலை இல்லை, தமயந்தி இல்லை. முட்டி தேய்ந்துபோன அவளால் பஸ் ஏறி இறங்க முடியாது, நான் வராவிட்டால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் போனில் மட்டும் கேட்டுக்கொண்டு மூப்படைவோம். பெரிசை எடுத்தால் இருக்கை இல்லை. அந்த இருக்கையில்தான் என் கணவர், தமயந்தியின் அண்ணன், கடைசியாகப் படுத்து வந்தார். இந்தச் சாலையில், இதே இறக்கத்தில், இதே ஃபியட்டில், நான் ஓட்டிக்கொண்டு. மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டு, டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல், வழியிலேயே போய்விட்டதம்மா என்றார். வழியில் என்றால் எங்கே. வழி நீளமானது. அன்றைக்கு மழை, இன்ஜின் இரண்டாவது கியரில் ஓலமிட்டுக்கொண்டு வந்தது, ஒரு மூச்சு நின்றுபோவது அந்தச் சத்தத்தில் எப்படிக் கேட்கும். பட்டறையில் மாற்றி முடித்த ஒரு வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு காரமடை வரை போய்வந்தார் திருமூர்த்தி. சத்தமே இல்லை. என் புடவை சீட்டில் உரசுவது கேட்டது. அவர் மூக்கில் ஒரு சின்ன விசில் இருப்பது கேட்டது. என் காதுக்குள்ளேயே எதுவோ ஓடுவது கேட்டது. அப்போதுதான் நினைத்தேன், அன்றைக்கு இப்படி ஒரு வண்டி இருந்திருந்தால் எந்த வளைவு என்றாவது தெரிந்திருக்கும். அந்த நிமிஷத்தில்தான் சரி மாற்றிவிடுங்கள் என்றேன். அவர் சுற்றுச்சூழலைப் பற்றி ஏதோ பாராட்டினார்.

முதல் வளைவு. ஹாரன் அடிக்கவும் என்று பலகை. அடித்தேன். பின்னால் மணல் ஒரு பக்கமாகச் சரிந்து, மெல்ல, உஸ் என்று ஒரு சத்தம். தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர்கள் விடுகிற மூச்சு. மணல், மணல். ஏறும்போது இந்தச் சத்தம் வந்ததா. வந்திருக்கும், அப்போது நான் கேட்கவில்லை, அப்போது எனக்கு இது வெறும் எடை, வண்டி இழுக்கிறதா, வால் தரையில் இடிக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். அது மத்தியானத்துக்கு முன்னால். வாசலில் வண்டியை நிறுத்தியதும் தமயந்தி கம்பை ஊன்றிக்கொண்டு வந்து பின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். என்ன அண்ணி, இந்த வயசுல சித்தாள் வேலைக்குக் கிளம்பிட்டீங்களா என்றாள். விஷயத்தைச் சொன்னதும், சரிதான், செக் போஸ்ட்ல மணல் கடத்தல்னு புடிச்சு உள்ள வெச்சா நான் ஜாமீனுக்கு வர மாட்டேன், என் முட்டிக்குக் கோர்ட்டுப் படி ஏற முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அந்தப் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். போர்த்துகிறபோது ஓரங்களை உள்ளே மடித்துச் செருகினாள். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள், கை அப்படித்தான் போகும். அவரைக்காய்ப் பொரியலும் மிளகு ரசமும் வைத்திருந்தாள். சாப்பிடும்போது வழக்கம்போல அவளே பேசினாள், மேல் வீட்டுக்காரன் காட்டெருமைக்குப் பயந்து கேட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்தது, புது டாக்டர் சின்னப் பையன், இவளிடமே ஊசி போடச் சந்தேகம் கேட்டது. அப்புறம் பேட்டரிக்கு வந்தாள். பெரிசையே எடுங்க என்றாள், பின் சீட்ல இனிமே யார் உக்காரப் போறா. பழைய ரெக்ஸின், அதுக்குப் போய் இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறீங்களே என்றாள். அப்போதுதான் அவளிடம் சொன்னேன், இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை, எந்த வளைவு என்று தெரியாததைப் பற்றி, அந்த இருக்கையைத் துடைக்கும்போதெல்லாம் அதுதான் வருகிறது என்று. தமயந்தியின் கை தட்டில் நின்றுவிட்டது. எழுந்து போய்க் கையைக் கழுவினாள். குழாயை மூடாமல் வெகுநேரம் கழுவினாள். திரும்பி வந்து உட்காராமல், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“எந்த வளைவுலயும் இல்ல அண்ணி. இங்க, அந்த ரூம்லயே முடிஞ்சு போச்சு. நீங்க வெந்நீர் வைக்கப் போனீங்களே, அப்பவே.”

நாடி பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், நானேதான் இமையை இறக்கிவிட்டேன் என்றாள். அந்த மழையில் ஆம்புலன்ஸ் வராது, சவத்தை ஏற்ற எவனும் வண்டி தர மாட்டான், படுக்கையில் கிடந்த அம்மாவுக்குத் தெரிந்தால் அவளும் சேர்ந்து போய்விடுவாள். அண்ணன் ஊர் போய்ச் சேரட்டும் என்று நினைத்தாளாம். சொல்லியிருந்தா நீங்க ஸ்டியரிங்கத் தொட்டிருப்பீங்களா என்று கேட்டாள். தொட்டிருக்க மாட்டேன். அது நிஜம். அதனால்தான் சீரியஸ் என்றாள், ஓட்டுங்க அண்ணி, ஓட்டுங்க, எங்கயும் நிறுத்தாதீங்க என்றாள். நான் ஓட்டினேன். இதில் புதிது ஒன்றுமில்லை, எல்லாரும் செய்கிறதுதான். என் அப்பா போனபோது காலேஜ் ஹாஸ்டலுக்கு அப்பா சீரியஸ் உடனே புறப்படு என்றுதான் தந்தி வந்தது. வார்டன் அம்மா என்னைப் பஸ் ஏற்றிவிட்டபோது கண்டக்டரிடம் காதோடு ஏதோ சொன்னார், கண்டக்டர் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார், பக்கத்தில் இருந்த அம்மாள் சாத்துக்குடி உரித்துத் தந்தாள், என் கையைத் தடவிக்கொண்டே வந்தாள். பகல் முழுக்க அந்தப் பஸ்ஸில் நான் ஒருத்திதான் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனவள். தெருமுனையில் இறங்கியதும் பந்தலைப் பார்த்தேன். சீரியஸ் என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும், அது யாருக்குச் சொல்லப்படுகிறதோ அவர்களைத் தவிர. மறுபடியும் நான் அதே இடத்தில் நின்றிருக்கிறேன். அன்றைக்குத் தமயந்தியின் பக்கத்து வீட்டுப் பெள்ளியும் அவர் மருமகனும் இவரைத் தூக்கிக்கொண்டு வந்து பின் இருக்கையில் கிடத்தினார்கள். பெள்ளி குனிந்து, தொப்பியை எடுத்துவிட்டு, கைகூப்பினார். என்ன மரியாதை தெரிந்த மனிதர் என்று அந்த அவசரத்திலும் நினைத்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. மருமகனுக்குத் தெரிந்திருக்கிறது. மழையில் குடை பிடித்த வேலைக்காரிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

சோதனைச் சாவடி வருகிறது. வேகத்தைக் குறைத்து, ஜன்னலை இறக்கினேன். மூடுபனி உள்ளே வந்தது, தைலமரத்து வாசனையோடு. காக்கி ஸ்வெட்டர் போட்ட ஆள் எங்கே என்று கேட்டுவிட்டு, குனிந்து பின்னால் பார்த்தார். பார்த்தவர் குரலைத் தணித்துக்கொண்டார். தூங்கறாருங்களா என்றார். நான் ஆமாம் என்றேன். மணல் என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் இறங்கி விளக்கம் சொல்ல வேண்டும், பேட்டரி, யூனிட், திருமூர்த்தி. அதற்காகவா ஆமாம் என்றேன். வாய் முந்திக்கொண்டது. அன்றைக்கும் இந்த இடத்தில், இதே கம்பத்தருகே, வேறொரு ஆள் டார்ச் அடித்துப் பார்த்தார், உடம்புக்கு முடியலை, தூங்குகிறார் என்றேன், அவரும் குரலைத் தணித்துக்கொண்டு, பாத்துப் போங்கம்மா என்று கம்பை உயர்த்தினார். கம்பு உயர்கிறது. நான் தலையை அசைத்துவிட்டு முன்னால் போகிறேன். இதற்கு அப்புறம்தான் நெருக்கமான வளைவுகள். இனி இரண்டாவது கியர்தான். ஸ்டியரிங்கில் இருக்கிற கியர்க் கம்பியை அவர்தான் எனக்குப் பழக்கினார், முட்டையைப் பிடிப்பது மாதிரி பிடி மேகலா என்பார். சாலை நனைந்திருக்கிறது. இடது பக்கம் பாறை, வலது பக்கம் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. ஆனால் அது வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக அங்கே ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது, மரங்கள் இருக்கும், பள்ளம் இருக்கும், யாராவது கேரட் தோட்டத்தில் குனிந்து நிற்பார்கள். தமயந்தி சொன்னது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். எந்த வளைவும் இல்லை. என் முதுகுக்குப் பின்னால், நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, யாரும் தனியாகச் சாகவில்லை. இருக்கை வெறும் இருக்கை. கழற்றிப் போடலாம். இருபத்தெட்டு வாங்கலாம். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் அவள் சொன்னாள், நான் பெரிசை எடுக்க வேண்டும், மாதம் ஒரு தரமாவது அவள் வாசலில் வந்து நிற்க வேண்டும், அவளுக்கும் வேறு யார் இருக்கிறார்கள். ஆனால் அவர் பேசினாரே.

அவர் பேசினார். அதைத் தமயந்தியிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வாய் எடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. அந்த மழையில், இந்தச் சாலையில், நான் விடாமல் பேசிக்கொண்டு வந்தேன். தூங்கவிடக் கூடாது என்று எங்கேயோ படித்திருந்தேன். குளிருதா என்று கேட்டேன். ம் என்றார். இந்தா ஆச்சு, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்றேன். ம் என்றார். வீட்டு வாசலில் நின்ற மகிழமரத்தை வெட்டலாமா கூடாதா என்று எங்களுக்குள் அப்போது ஒரு சண்டை, அதைக்கூட எடுத்தேன், நீங்கள் சொல்கிறபடியே வெட்டிவிடலாம் என்றேன், அதற்கும் ஒரு ம். அருவி தெரிகிற வளைவு என்று நினைக்கிறேன், அந்த இடத்தில் கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை, நான் பயந்துபோய், தூங்கிடாதீங்க, தூங்கிடாதீங்க என்று கத்தினேன். தூங்கல, என்றார். ம் இல்லை, முழு வார்த்தை. தெளிவாக, கொஞ்சம் சலிப்போடு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது சொல்வாரே, அதே குரலில். இன்ஜின் ஓலத்துக்கு மேலே அது எனக்குக் கேட்டது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் கணக்குப் போட்டேன், அருவிக்கு அப்புறம்தான், கீழே உள்ள வளைவுகளில் ஏதோ ஒன்றில்தான் என்று. இப்போது தமயந்தி எல்லா வளைவுகளையும் துடைத்துவிட்டாள். அவள் சொல்வது நிஜமானால் அந்த வார்த்தை யாருடையது. அந்த வார்த்தை அவருடையதானால் தமயந்தி பொய் சொல்கிறாள், என் நிம்மதிக்காக, நோயாளிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒரு பொய். பொய்யாக இருக்கட்டும் என்று ஒரு வளைவு முழுக்க வேண்டிக்கொண்டு வந்தேன். அவர் வழியிலேயே போயிருக்கட்டும், எனக்குத் தெரியாமலே போயிருக்கட்டும், பரவாயில்லை, அவள் சொன்னது பொய்யாக இருக்கட்டும். ஆனால் மப்ளர். வாசல்வரை வந்து நான் அதைக் கேட்டுவிட்டேன், கேட்காமல் வந்திருக்கலாம். அன்றைக்குத் தமயந்தி அவருக்கு ஒரு மப்ளர் சுற்றியிருந்தாள், தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் முடிச்சு. குளிருக்கு என்று நினைத்தேன். ஆனால் கழுத்தை விட்டுவிட்டு யாராவது மப்ளரைத் தலையில் முடிவார்களா. காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பிய பிறகு கேட்டேன், அந்த மப்ளர் எதற்கு என்று. அவள் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி சொன்னாள்.

“வாய் தொறந்துக்கும்ல அண்ணி. வெள்ளத்துணியால கட்டினா உங்களுக்குத் தெரிஞ்சிடும்.”

ஆகவே வாய் கட்டியிருந்தது. கட்டிய வாய். இதைச் சொல்லத் தெரிந்தவள் பொய் சொல்லவில்லை. எதிரே லாரி வருகிறது, விளக்கைப் போட்டுக்கொண்டு, பனிக்குள் இரண்டு மஞ்சள் கறைகள், நான் ஒதுங்கி நிற்கிறேன், லாரி போய்விட்டது, நான் கிளம்பவில்லை. பாறையோரம் கொஞ்சம் அகலமாக இருக்கிறது. இன்ஜினை அணைத்தேன். கைபிரேக்கைப் போட்டேன். எதற்கு நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியும். காது கேட்பதற்காக. சூடான இன்ஜின் கொஞ்ச நேரம் டிக் டிக் என்றது, அப்புறம் அதுவும் அடங்கியது. பாறையில் நீர் சொட்டுகிறது. தூரத்தில், கீழேயா மேலேயா என்று சொல்ல முடியாமல், ஒரு பஸ். பின்னால் மணல் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, ஒரு சிட்டிகை இங்கே உதிர்ந்து, ஒரு சிட்டிகை அங்கே. அது நின்றது. நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. முன் கண்ணாடியில் என் மூச்சு படிந்து வெளி மறைந்துகொண்டிருந்தது. ஏதாவது கேட்க வேண்டும், அன்றைக்குக் கேட்டேனே அதுபோல, ஆனால் என்ன கேட்பது. யார் என்று கேட்க முடியுமா. என்னுடன் மலை முழுக்க வந்து, நான் பயப்படும்போதெல்லாம் பதில் சொல்லி, என்னைப் பாறையில் மோதவிடாமல், பள்ளத்தில் விடாமல், கீழே கொண்டுபோய்ச் சேர்த்தது யாரோ, அவரைப் பார்த்து யார் என்று கேட்பது மரியாதையாக இருக்குமா. அந்தக் குரலைக் கேட்டதால்தான் அன்றைக்கு ஓட்டினேன். கேட்காமல் இருந்திருந்தால் அருவி வளைவிலேயே வண்டியை விட்டிருப்பேன். இதை நினைத்ததும் முதுகில் குளிர் ஏறியது, அது பனியா என்று பார்த்தேன், ஜன்னல் மூடித்தான் இருந்தது. போன் அடித்தது. திருமூர்த்தி. மேடம், வந்துட்டீங்களா, வண்டி என்ன சொல்லுது என்றார். வந்துகொண்டிருக்கிறேன் என்றேன். கூட யாருங்க, பேச்சு கேக்குது, என்றார். யாருமில்லை என்றேன். ஓ, லைன்ல ஏதோ கிராஸாயிருக்கும், மலைல அப்படித்தான், மெதுவா வாங்க என்று வைத்துவிட்டார். மலையில் அப்படித்தான்.

இறங்கிப்போய்ப் பின் கதவைத் திறந்தேன். திறக்காமல் மேற்கொண்டு ஓட்ட முடியாது என்று தோன்றியது. போர்வை ஈரமாக, சில்லென்று இருந்தது. கையை வைத்து அழுத்தினேன், சாக்கு, மணல், அழுத்தினால் விட்டுக்கொடுத்து, எடுத்தால் அப்படியே நிற்கிற மணல். வளைவுகளில் சரிந்து சரிந்து சாக்குகள் இரண்டு பக்கமும் ஒதுங்கியிருந்தன. நடுவில் போர்வை தாழ்ந்து ஒரு பள்ளம். ஓர் ஆள் உட்காருகிற அகலம். மணல் சரிந்தால் அப்படித்தான் ஆகும், ஏறும்போது பின்னால் தள்ளும், இறங்கும்போது முன்னால் தள்ளும், வளைவில் பக்கத்துக்குத் தள்ளும், அதற்கு ஒரு கணக்கு இருக்கும், திருமூர்த்தியைக் கேட்டால் சொல்வார். சாக்குகளை நடுவுக்கு நகர்த்திவிட்டுப் போவதுதான் சரி, எடை ஒரே சீராக இருக்க வேண்டும் என்று காலையில் சொல்லித்தான் அனுப்பினார். நான் ஒரு சாக்கின் காதைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு விட்டுவிட்டேன். கதவைச் சாத்தும்போது, தூங்குகிறவர் இருக்கும் அறைக் கதவைச் சாத்துகிற மாதிரி, தாழ்ப்பாள் சத்தம் வராமல் அழுத்திச் சாத்தினேன். மீதி வளைவுகளை மூன்றாவது கியருக்குப் போகாமல் இறங்கினேன். பயம் போகவில்லை. ஆனால் அது முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்ல மெல்ல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது, பக்கத்தில் வந்த பயத்தோடு ஓட்ட முடிகிறது. பனி கலைந்து பாக்குத் தோப்புகள் வந்தன. கீழே வெயில் இருந்தது. மேட்டுப்பாளையத்தில் அந்த ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கும்போது ஒரு மனிதர் சைக்கிளில் பெரிய வாழைத்தாரை வைத்துக்கொண்டு குறுக்கே வந்தார், நான் ஹாரன் அடித்தேன், அவர் திரும்பி வண்டிக்குள் பார்த்துவிட்டு, ஏனோ, வழிவிட்டு நின்றார்.

பட்டறையில் வெயில் சாய்ந்திருந்தது. இரண்டு ஆட்கள் வந்து சாக்குகளை இறக்கினார்கள். போர்வையை ஒருவர் உதறி மடித்து என்னிடம் நீட்டினார். திருமூர்த்தி கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே வந்து, ஏனுங்க மேடம், முகமெல்லாம் வெளுத்துப் போச்சு, வண்டி ரொம்ப அலைக்கழிச்சிருச்சுங்களா, அதான் சொன்னேன், பெரிசுன்னா அப்படித்தானுங்க, என்றார். பதினான்கு போதும் என்று சொன்னேன். அப்ப மலை வேண்டாம்னு விட்டுட்டீங்க என்றார். மலைக்குப் போவேன், நாத்தனார் வீட்டில் தங்கிக்கொள்கிறேன், அந்த அறையில் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறது என்றேன். அவருக்குச் சந்தோஷம். பின் இருக்கையைக் கெடுக்காமல் வேலையை முடிப்பதில் அவருக்கும் விருப்பம்தான் என்று தெரிந்தது, அந்தக் காலத்து ஸ்பிரிங்குங்க, இப்பெல்லாம் எவன் போடறான் என்று இருக்கையைக் கையால் தட்டிக் காட்டினார். பேட்டரிக்காரர்களுக்குப் போன் போட எண்ணைத் தேடியவர் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க மேடம். பதினாலுங்கறது நீங்க ஒருத்தர் ஏர்றதுக்கான கணக்கு. பின்னாடி ஒரு ஆள் உக்காந்தாலும் மேல போய் மூச்சு வாங்கி நின்னுக்கும். தனியாத்தானுங்களே போவீங்க?”

ஆட்கள் கடைசிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வண்டியைப் பார்த்தேன். பின் கதவு திறந்தே கிடந்தது.

“ஒரு ஆளுக்கு எவ்வளவு கூட்டணும்?”

“ஒரு யூனிட்டு போதுங்க. டிக்கில சின்னப் பெட்டியா வெச்சுக்கலாம். சீட்டுக்கு ஒண்ணும் ஆகாது.”

“அதையும் சேத்துக்குங்க.”

“சேத்தரலாம்,” என்றார். “யாருங்க கூட வர்றது?”

“தெரியலை திருமூர்த்தி,” என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு, பதினைந்து என்று சொன்னார்.